கணக்கில் வராத கைகள்

(வலியசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைத்தொழில் போய் ஆலைத்தொழில் வந்த கதையைப் பேசச் சொன்னார்கள். நான் ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவன். பள்ளி இறுதிக்கு மேல் படித்தவனல்ல. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே பலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மா காலத்தில், அரண்மனைக்குத் துணி நெய்வதற்காகத் தமிழ்ச் சீமையிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தினார்கள். பிழைப்புத் தேடி இந்த மண்ணுக்கு வந்த நமக்கு அவர்கள் முன்னோடிகள்.

குழித்தறியில் உட்கார்ந்து நாடாவைக் கையால் எறிந்து நெய்தவர் வீட்டுக்காரர். ஆனால் நூல் தறியில் ஏறுமுன் எத்தனை வேலை! தார் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழையோடு இழை ஒட்டாமல் பிரித்து, வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். நடுவில் மழை வந்தால் பட்ட பாடு வீண். மனைவி, தாயார், பிள்ளைகள் எல்லோரும் கைகொடுத்தால்தான் ஒரு வேட்டி இறங்கும். கூலி ஏட்டில் மட்டும் ஒரே பெயர், வீட்டுக்காரர் பெயர்!

எந்திரம் வந்தபோது முதலில் அடிபட்டது நெசவல்ல, நூற்பு. இங்கிலாந்திலும் அப்படித்தான். நூற்கும் எந்திரம் 1760-களிலேயே வந்துவிட்டது. கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785-இல்தான். நூற்றவர்கள் யார்? பெண்கள். லங்காஷயர் நூல் நம் துறைமுகங்களில் இறங்கியதும் நம் பாட்டிமாரின் ராட்டை பரணில் ஏறியது. ஆலை மூடினால் ஆட்குறைப்பு என்று பத்திரிகையில் போடுவார்கள். ராட்டை நின்றதை யார் போட்டார்கள்?

1880-களில் ஹார்வி கம்பெனியார் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் பஞ்சாலை வைத்தார்கள். 1904-இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் இணைந்தது. 1918-இல் திருவனந்தபுரத்துக்கே வந்துவிட்டது. ஆலைச் சரக்குக்கு வழி சுலபமாயிற்று. எங்கள் இலாகாவின் கைங்கரியம் அது!

ஆலை சுவர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நேரக்கணக்கில்லாத வேலை, அற்பக் கூலி. ஆனால் தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908 பிப்ரவரியில் என்ன நடந்தது? வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. ஒரே வாசலில் நுழைகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கூலியைப் பேசிக்கொண்டார்கள். தனித்தனி வீட்டில் தார் சுற்றியவர்களுக்கு அந்த வாசல் எங்கே?

கைத்தறியைக் காக்க 1985-இல் சட்டம் வந்தது. அதன்படி 22 வகைத் துணிகளை ஒதுக்கினார்கள். பிறகு அது 11 ஆயிற்று. துணியைக் காக்கச் சட்டம் போட்டார்கள், சரி. தார் சுற்றியவளுக்கு அதில் என்ன இருக்கிறது?

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள், தாய்மார்களே. அப்பளம் இடுவது, முறுக்குச் சுற்றுவது, பூக்கட்டுவது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது எல்லாம் இன்றும் வீட்டுக்குள் நடக்கும் உற்பத்திதான். இடம் உங்களுடையது, விறகோ கேஸோ உங்களுடையது, கரண்டு பில் உங்களுடையது. கூலியைத் தீர்மானிக்கிறவர் மட்டும் கடையில் இருக்கிறார். “வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே” என்கிறார். சும்மா இருக்கிற நேரம் எது என்று அவர் வந்து பார்த்தாரா?

வீட்டிலிருந்து உழைப்பவரும் தொழிலாளியே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை. ஒப்பமிடு என்று கேட்பதற்கு முன் நம் கையில் கணக்கு வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள். ஒரு கிலோ அப்பளத்துக்கு எத்தனை மணி நேரம், எரிபொருள் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, கூட உழைத்த பிள்ளைகள் யார் யார் என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதித் தருகிறேன். பெயர் எழுதும் இடத்தில் வீட்டுக்காரர் பெயர் வேண்டாம்; உங்கள் பெயரையே போடுங்கள்.