இல்லமே அச்சகம்



இல்லத்திலிருந்தே கலைத்தொழில் நடத்த விழையும் நம் இளையோர்க்கு, இலண்டன் கவிஞர் வில்லியம் பிளேக்கின் வாழ்வை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1772-இல், பதினான்காம் அகவையில், செப்புத்தகட்டில் படம் செதுக்கும் தொழிலுக்கு மாணாக்கராகச் சேர்ந்த அவர், ஏழாண்டுகள் பயின்றார். 1784-இல் நண்பரோடு தொடங்கிய படக்கடை நிலைக்கவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை.

அமிலம் அரிக்காத நீர்மத்தால் பாட்டையும் படத்தையும் தகட்டில் இடவலம் மாற்றி எழுதினார். எஞ்சிய செம்பை அமிலம் அரிக்க, எழுத்து மேடாக நின்றது. அதன்மேல் மையிட்டு, வீட்டிலிருந்த அச்சுப்பொறியில் படியெடுத்து, கையால் வண்ணம் தீட்டினார். 1789-ஆம் ஆண்டின் 'மாசின்மைப் பாடல்கள்' இவ்வாறு பிறந்ததே. ஒருமுறைக்குச் சில படிகளே எடுத்தமையால் பெருமுதல் வேண்டியிருக்கவில்லை.

இப்பணியில் துணைநின்றவர் மனைவியார் கேத்தரின். 1782-இல் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்கு மாற்றாகக் கீறலிட்ட அவ்வம்மையார், கணவரிடம் எழுத்தும் அச்சுக்கலையும் கற்றார், படியெடுத்தார், வண்ணமிட்டார். 1827-இல் கணவர் மறைந்த பின்னும் அவர்தம் படைப்புகளை விற்றுவந்தார். எனினும், நூலின் முகப்பில் கணவர் பெயர் மட்டுமே உள்ளது.

வீட்டுத்தொழில் தொடங்கும் அன்பர்களே! உடனுழைக்கும் பெண்மணியின் பெயரையும் பெயர்ப்பலகையில் பொறித்திடுக. கணக்கேட்டில் அவர்க்குரிய பங்கையும் எழுதிடுக.