தடயத்தைப் பேசவைக்கும் தொழில்கள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



படிப்பு முடிந்தபின் என்ன தொழில் என்று கேட்டால், டாக்டர், என்ஜினியர், ஆசிரியர் என்ற மூன்றோடு நாம் நின்றுவிடுகிறோம். குற்ற விசாரணைக்குத் துணைபுரியும் விஞ்ஞானத் தொழில்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

பெரியோர்கள் ஆளவந்தார் கொலை வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், போட் மெயில் ரயிலில் வந்த பெட்டியொன்றினுள் தலையற்ற உடல் இருந்தது. தலை பின்னர் சென்னை இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. இரண்டும் ஒருவருடையவையே என வைத்திய நிபுணர் நிறுவினார். கைரேகையோ இராணுவப் பதிவிலிருந்த ஆளவந்தாரின் ரேகையோடு பொருந்திற்று. தலை பேசாதபோது விரல் பேசிற்று!

நம் நாட்டில் இப்பணி பலர் கையில் இருக்கிறது. சம்பவ இடத்தைக் காத்து, படம்பிடித்து, தடயம் சேகரிப்போர் பொலிஸார். கைரேகைகளை ஒப்புநோக்குவோரும் அவர்களே. நஞ்சு, இரத்தம், துப்பாக்கி ரவை, ஐயத்துக்குரிய கையெழுத்து ஆகியவற்றைச் சோதிப்பது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு அங்கே இடமுண்டு. பிரேத பரிசோதனை செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. வைத்தியப் பட்டம் பெற்றபின் இத்துறையில் மேற்பயிற்சி பெற்றவர். இவ்விரு சாராரும் பொலிஸுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

அது ஏன் முக்கியம்? நமது ஊரையே பாருங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் மாண்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே மாண்டனர் என்று படைத்தரப்புக் கூறிற்று. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களே காரணம் என்று பிரேத பரிசோதனை காட்டிற்று. அந்த அறிக்கை இல்லாதிருந்தால் பொய்யே சரித்திரமாகியிருக்கும்.

ஆயினும் வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும், போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகள் சிலர் அச்சத்தால் நாட்டைவிட்டே போயிருந்தனர். எப்படி மாண்டனர் என்பதை உடல் சொல்லும். சுட்டவர் யார் என்பதை நிறுவ ரவையும் துப்பாக்கியும் சாட்சியும் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் நீதி கைநழுவும்.

நண்பர்களே! இது பேரும் புகழும் தரும் வேலையன்று. நாற்றமும் உண்டு; நெருக்குதலும் உண்டு. கண்டதைக் கண்டபடி எழுதும் நெஞ்சுரமே இதற்கு முதற் தகுதி. இரசாயனமும் உயிரியலும் கற்கும் நம் தம்பி தங்கையருள் சிலரேனும் இவ்வழியை நாடவேண்டும். பிள்ளைகள் அவ்வாறு விரும்பினால், "பிணத்தோடு என்ன வேலை?" என்று பெற்றோர் தடுக்கலாகாது. மாண்டவருக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?