பல்கலைக் கழகக் காவலும் பதிவேட்டின் வலிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் காவல் துறையைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது நம் கருத்து. கல்விக் கூடத்தின் வாயிலைக் கடப்பது ஒன்று. கடந்தபின் அங்கே அச்சமின்றி இருந்து கற்பது மற்றொன்று. அந்த அச்சமின்மையைக் காப்பவர் யார், காப்பவரைக் கேள்வி கேட்பவர் யார் என்பதை அறியாதவரையில் கல்வியுரிமை முழுமை பெறாது. அமெரிக்க நாட்டில் பல்கலைக் கழகங்கள் பல தமக்கெனத் தனிக் காவல் துறையே வைத்திருக்கின்றன. அத்துறையின் அமைப்பையும், அது இயங்கும் முறையையும், அதிலிருந்து நாம் பெறத்தக்க பாடத்தையும் இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

தோற்றம்

1894 ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரக் காவலர் இருவர், வில்லியம் வைசர், ஜேம்ஸ் டானெலி என்போர், யேல் பல்கலைக் கழக வளாகப் பணிக்கென அனுப்பப்பட்டனர். மாணவருக்கும் நகர மக்களுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவந்த பூசலைத் தணிப்பதே நோக்கம். பல்கலைக் கழகக் காவல் துறையின் தொடக்கமாக இதனையே கூறுவர். எனினும், அதன்பின் பல ஆண்டுகள் பெரும்பாலான கல்லூரிகளில் இருந்தோர் இரவுக் காவலாளிகளே. கதவுகளைப் பூட்டுவதும் தீ விபத்து நேராமல் பார்த்துக்கொள்வதுமே அவர்கள் வேலை.

1960களில் நிலைமை மாறியது. போரை எதிர்த்தும் இன ஒதுக்கலை எதிர்த்தும் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அண்ணல் அம்பேத்கர் 1913 இல் பயிலச் சென்ற கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில், 1968 ஏப்ரல் 30 அன்று நகரக் காவலர் வரவழைக்கப்பட்டு ஏறத்தாழ 700 பேர் கைது செய்யப்பட்டனர். 1970 மே 4 அன்று ஒகையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக் கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டதில் மாணவர் 4 பேர் மாண்டனர். பதினொரு நாள் கழித்து, மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மாணவர் பயின்ற ஜாக்சன் கல்லூரியில் நகர, மாநிலக் காவலர்கள் சுட்டதில் இளைஞர் இருவர் உயிரிழந்தனர். முதல் நிகழ்ச்சியை உலகமே பேசிற்று. இரண்டாவதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஏன் என்பதை நம் அவையில் விளக்கத் தேவையில்லை.

வெளியிலிருந்து வரும் படைக்கு மாணவரைத் தெரியாது. வளாகத்தின் இயல்பும் தெரியாது. ஆகவே, பயிற்சி பெற்ற காவலரைப் பல்கலைக் கழகமே வைத்துக்கொள்வது நல்லது என்ற எண்ணம் வலுப்பெற்றது. மாநிலச் சட்டங்களும் அதற்கு அதிகாரம் வழங்கின.

அமைப்பு

கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சான்றாகக் கொள்வோம். அதற்கு 10 வளாகங்கள் உள்ளன. அங்குள்ள காவல் அலுவலர் வெறும் வாயிற்காப்போர் அல்லர். மாநிலச் சட்டப்படி உறுதிமொழி ஏற்றவர்கள், துப்பாக்கி ஏந்துபவர்கள், கைது செய்யும் அதிகாரம் உடையவர்கள். வளாகத்திற்குள் மட்டுமன்றி, அதன் எல்லையிலிருந்து ஒரு மைல் சுற்றளவிலும் அவர்களுடைய அதிகாரம் செல்லும் என்று சட்டம் கூறுகிறது.

காவல் தலைவர் பல்கலைக் கழக நிருவாகத்திற்குப் பொறுப்பானவர். அவருக்குக் கீழே லெப்டினன்ட், சார்ஜென்ட், காவலர் என்று படிநிலை இறங்கும். சுற்றுக்காவல், குற்றப் புலனாய்வு, தொலைபேசிக் கட்டுப்பாட்டு அறை, ஆவணப் பிரிவு எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருக்கும். ஆயுதமற்ற மாணவ உதவியாளரும் உண்டு. இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்குத் தனியே செல்ல அஞ்சுவோருக்கு அவர்கள் துணை செல்வார்கள்.

எல்லா இடத்திலும் இம்முறை இல்லை. கொலம்பியாவில் நெடுங்காலம் கைது அதிகாரமற்ற பாதுகாப்புப் பணியாளரே இருந்தனர். 2025 இல்தான் அவ்வதிகாரம் கொண்ட சிறப்பு அலுவலர் 36 பேரை அமர்த்தியதாக அந்நிறுவனம் அறிவித்தது.

நடைமுறை

மாணவி ஒருத்தியின் அறையில் திருட்டு நடந்ததென்று வைத்துக்கொள்வோம். அவள் தொலைபேசியில் அழைத்தால் கட்டுப்பாட்டு அறை அதை நேரத்துடன் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள சுற்றுக்காவலரை அனுப்புகிறது. காவலர் வந்து அறிக்கை எழுதுகிறார். அதற்கு எண் தரப்படுகிறது. குற்றவாளி பிடிபட்டால் வழக்கு மாவட்ட அரசு வழக்கறிஞரிடம் செல்லும். அவன் மாணவனாக இருந்தால், பல்கலைக் கழக ஒழுங்கு நடவடிக்கையும் தனியே நடைபெறும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வழிகள். எந்த வழியில் எந்த உரிமை தமக்கு உண்டு என்பதை அறிந்த மாணவரே இரண்டிலும் நியாயம் பெற முடியும்.

இளைஞர்களே! இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 1986 இல் பென்சில்வேனியா மாநிலத்து லீஹைப் பல்கலைக் கழக விடுதியில் ஜீன் கிளெரி என்னும் 19 வயது மாணவி கொல்லப்பட்டாள். அவ்வளாகத்தில் முன்னரே நடந்த வன்குற்றங்கள் மாணவருக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்கப்படவில்லை என்பதைப் பெற்றோர் பின்னரே அறிந்தனர். அவர்கள் அழுது ஓயவில்லை. சட்டம் கேட்டுப் போராடினர். 1990 இல் சட்டம் வந்தது. மத்திய அரசின் மாணவர் உதவி பெறும் ஒவ்வொரு கல்வி நிலையமும் மூன்றாண்டுக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும். காவல் பிரிவு உள்ள நிலையங்கள் அன்றாடக் குற்றப் பதிவேடு வைக்க வேண்டும். அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் அதனைக் காட்ட வேண்டும்.

காலத்தே எச்சரிப்பதும் கடமையாயிற்று. கடமை ஏட்டில் இருந்தால் போதுமா? 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக் கழகத்தில் காலை ஏழேகால் மணியளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டனர். வளாகத்தாருக்கு முதல் எச்சரிக்கைச் செய்தி சென்றது 9.26க்கு. அடுத்த சில நிமிடங்களில் கொலையாளி வகுப்பறைகளில் நுழைந்து மேலும் 30 பேரைக் கொன்றான். பேராபத்து உறுதியானவுடன் உடனடியாக அறிவிக்க வேண்டும் என்று 2008 இல் சட்டம் திருத்தப்பட்டது.

மற்றொரு முகம்

காவல் என்பது எப்போதும் காவலாகவே நின்றதா? இல்லை. 2011 நவம்பர் 18 அன்று டேவிஸ் வளாகத்தில், தரையில் அமைதியாக அமர்ந்திருந்த மாணவர் முகங்களில் வளாகக் காவல் அதிகாரி ஒருவர் மிளகாய்ச் சாரம் தெளித்தார். முன்னாள் நீதிபதி குரூஸ் ரேனோசோ தலைமையிலான குழு 2012 இல் அறிக்கை தந்தது. அது நேராமல் தடுத்திருக்க முடியும், தடுத்திருக்கவும் வேண்டும் என்றது. பயன்படுத்திய கருவி அத்துறை விதிகளில் அனுமதிக்கப்பட்டதே அன்று என்றும் கண்டது. காவல் தலைவர் பதவி விலகினார். வழக்குத் தொடுத்த 21 பேருக்கும் தலைக்கு 30,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. தெளித்த அதிகாரிக்கோ, தம் மனம் பாதிக்கப்பட்டதென்று கோரி 2013 இல் 38,000 டாலருக்கு மேல் கிடைத்தது! நீதியின் தராசு எப்படியெல்லாம் சாயும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

2015 ஜூலை 19 அன்று சின்சினாட்டிப் பல்கலைக் கழகக் காவலர் ஒருவர், வளாகத்திற்கு வெளியே, காரின் முன்புறம் எண் பலகை இல்லையென்று சாமுவேல் டுபோஸ் என்னும் கறுப்பினத்தவரை நிறுத்திச் சுட்டுக் கொன்றார். கார் தம்மை இழுத்துச் சென்றதாகக் காவலர் கூறினார். அவர் சட்டையில் மாட்டியிருந்த படக்கருவியின் பதிவைக் காட்டி, அது உண்மையன்று என்றார் அரசு வழக்கறிஞர். இருமுறை விசாரணை நடந்தும் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2017 இல் வழக்குக் கைவிடப்பட்டது. ஆயினும், பல்கலைக் கழகம் அக்குடும்பத்திற்கு 48.5 இலட்சம் டாலரும், அவருடைய 12 பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கல்வியும் தர ஒப்பியது. அந்தப் பதிவு மட்டும் இல்லாதிருந்தால், மாண்டவர் மீதே பழி நின்றிருக்கும்.

முடிவுரை

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் கருத்து ஒன்றே. சீருடை தானாக நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. எழுதப்பட்ட விதி, திறந்து வைக்கப்பட்ட பதிவேடு, அதைப் படித்துக் கேள்வி கேட்கும் மக்கள் ஆகிய இம்மூன்றும் உள்ள இடத்தில்தான் காவல் காவலாகிறது. மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் தூசி படிந்த தாள்களே.

நம் பிள்ளைகளில் சிலர் கடல் கடந்து அந்த வளாகங்களில் பயிலச் செல்வார்கள். அங்கே சேர்ந்தவுடன் அவ்வாண்டின் பாதுகாப்பு அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். வேறு சிலர் இங்கேயே காக்கிச் சட்டை அணிவார்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஓர் எளியவனின் உயிரையோ மானத்தையோ தாங்கி நிற்கும் என்பதை மறவாதீர்கள்.

எழுத்தறியாதபடி வைக்கப்பட்டிருந்த மக்கள் நாம். எழுதப்பட்டதைப் படிப்பதும், எழுதப்படாததை எழுதச் செய்வதும் இனி நம் கடமை. அதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது. வாழ்க சங்கம்! வளர்க கல்வி!