இந்தி சினிமாவில் கடவுள்மீது வழக்கு

(மரக்காணம் உப்பளப் பகுதிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சினிமா பார்ப்பது குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. பார்த்ததை யோசியுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

2012-இல் வந்த 'ஓ மை காட்' என்னும் இந்திப் படத்தில், சாமி பொம்மை விற்கும் ஒரு வியாபாரியின் கடை பூகம்பத்தில் இடிகிறது. அது கடவுள் செயல், ஆகையால் பணம் கிடையாதென்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கிறது. உடனே அவர் கடவுள்மீதே வழக்குத் தொடுக்கிறார். அவ்வேஷத்தில் பரேஷ் ராவல் வெகு இயற்கையாக நடித்திருக்கிறார். சாமியார்கள் விழிக்கின்றனர். இதுவரை மெத்தச் சரி. முடிவென்ன? கிருஷ்ணனே வந்து, பக்கவாதத்தில் விழுந்த நாஸ்திகரைப் பிழைப்பித்து ஆஸ்திகராக்கி விடுகிறான்!

2014-இல் வந்த 'பிகே'யில் ஆமிர்கானும் சாமியாரை மடக்குகிறார். ஆனால் படைத்தவன் ஒருவன் உண்டென்று பாக்கி வைத்து விடுகிறார். முதலாளியை வைத்துக்கொண்டு தரகனை மட்டும் விரட்டினால் தரகு ஒழியுமா? நாளைக்கு வேறு தரகன் வரமாட்டானா?

இவ்வூர்ச் சங்கதிக்கு வருவோம். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. உப்புப் பாத்திகள் மூழ்கின. அது கடவுள் செயலென்றால் போன கூலியை யாரிடம் கேட்பீர்கள்? கடல் சூட்டில் பிறந்த காற்றழுத்தம் என்று அறிந்தாலல்லவோ முன்னெச்சரிக்கை கேட்கலாம், நிவாரணம் கேட்கலாம்? உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணமாகச் சர்க்கார் அறிவித்த 5,000 ரூபாய் எந்தக் கோவில் உண்டியலிலிருந்து வந்தது?

ஆகவே தோழர்களே, நடிப்பைப் புகழுங்கள். முடிவை மட்டும் உங்கள் புத்தியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.