அட்டையின் ஓரப் படங்கள்



விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843ஆம் ஆண்டு இலண்டனில் அச்சானது. குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாத ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு அதை வரையச் செய்தார். ஒரு ஷில்லிங் விலையுள்ள அந்த அட்டையில் மூன்று படங்கள். நடுவில் ஒரு குடும்பம் மகிழ்ந்து விருந்துண்கிறது. ஓரங்களில், பசித்தோருக்கு உணவும் ஆடையற்றோருக்கு ஆடையும் கொடுக்கப்படுகின்றன. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நம்மிடம் கேட்கும் இரக்கச் செயல்கள் அல்லவா இவை!

இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்புகிறோம். நடுப்படம் போய்ச் சேருகிறது. ஓரப் படங்கள் நின்றுவிடுகின்றன. நம் கடவுளோ, இறைவாக்கினர் வழியாகச் செய்தி அனுப்பியதோடு நிற்கவில்லை. மனிதராகி நம்மிடையே வந்தார்.

எனவே இத்திருவருகைக் காலத்தில், உங்கள் அன்பியத்தில் தனித்து வாழும் ஒரு முதியவருக்கு, உங்கள் கைப்பட ஓர் அட்டை எழுதுங்கள். தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒருவேளை உணவும் ஒரு புதுத்துணியும் கூடவே போகட்டும். உடனே திரும்பிவிடாமல் அவரோடு அமர்ந்து உண்ணுங்கள். மூன்று படங்களும் அங்கே நிறைவுபெறும்.

ஆமென்.