எல்லைச் சாலையில் ஒரு ரசிகரின் பட்டியல்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத் தோழர்களின் கூட்டத்தில் 2024 செப்டம்பர் இறுதியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இம்மாதம் 5ஆம் தேதி விஜய் நடித்த ‘கோட்’ வெளியானது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கு. 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியான இரவில் சென்னையில் கொண்டாட்டத்தின்போது லாரியிலிருந்து குதித்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன் பின் தமிழ்நாட்டு அரசு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி அளிப்பதில்லை. எனவே பெரிய நடிகரின் படம் வரும் நாளில் குமரி மாவட்டத்து இளைஞர்கள் இரவோடு இரவாகக் களியக்காவிளையைக் கடந்து இப்பக்கம் வருகிறார்கள். சென்ற ஆண்டு ‘லியோ’வுக்கும் இதுவே நடந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மாநில எல்லை, ரசிகர்களைப் பொறுத்தவரை ஐந்து மணி நேர வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் சேர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆனால் அது கேரளத்திலேயே நின்றது. அதன் விளைவுகளில் நல்லவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த இப்பகுதி ரசிகருக்கு மொழிமாற்றமும் வேண்டாம், துணைத்தலைப்பும் வேண்டாம். இரு மொழிப் படங்களையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

கட்சிக் கூட்டத்தில் சினிமாப் பட்டியலா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். தோப்பில் பாஸியின் ‘நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகம் 1952இல் மேடையேறி ஊர் ஊராகச் சென்ற மண் இது. சாலையின் மறுபுறம், பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கினார். ஆகவே அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

இவ்வாண்டின் இதுவரையான பட்டியலில் எந்த எல்லைக் கிராம ரசிகரும் முதலில் சொல்லக்கூடிய பெயர் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. பிப்ரவரி 22இல் வெளியான இப்படம், உலகளவில் 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம். தமிழ்நாட்டில் மொழிமாற்றம் செய்யப்படாமலேயே வாரக்கணக்கில் ஓடியது. 2006இல் எர்ணாகுளத்தை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற நண்பர்களில் ஒருவர் குணா குகையின் குழிக்குள் விழுகிறார். மற்றொரு நண்பர் இறங்கி அவரை மீட்கிறார். நடந்த கதை இது. ‘குணா’வின் பாட்டு ஒலிக்கும் இடத்தில் தமிழ்நாட்டு அரங்குகள் ஆர்ப்பரித்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒன்று உண்டு. படத்தின் தொடக்கத்தில் அந்த இளைஞர்கள் வடம் இழுக்கும் போட்டியில் கலந்துகொள்கிறார்கள். வெறும் வேடிக்கைக் காட்சி போலத் தோன்றும். இறுதியில் நண்பனின் உடல் ஒரு கயிற்றில் தொங்கும்போது, அதே கைகள், அதே கூட்டு மூச்சோடு இழுக்கின்றன. நாயகனின் தனித்திறமையை நம்பியே பழகிய திரைப்படத்தில், ஒருவர் இறங்குவதும் பதின்மர் இழுப்பதும் சம எடையுள்ள செயல்களாகக் காட்டப்படுவது அரிது. உதவி கேட்டு ஓடி வந்தவர்களைக் காவல் நிலையத்தில் சந்தேகித்து அடிக்கும் காட்சியும் படத்தில் மழுப்பப்படவில்லை.

இப்படம் குடித்துக் கூத்தாடும் கேரள இளைஞர்களைக் கொண்டாடுகிறது என்று, இவ்வெல்லைப் பகுதியிலேயே வாழும், இரு மொழியிலும் எழுதும் ஜெயமோகன் கடுமையாகத் தாக்கினார். காடுகளில் உடைந்த மது பாட்டில்களை விட்டுச்செல்லும் சுற்றுலாக் கும்பல்கள் இருப்பது உண்மையே. அதைக் கண்டிப்பதிலும் தவறில்லை. அங்கிருந்து ஒரு மொழி பேசும் மக்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்புக்குத் தாவுவதுதான் பிழை. கூலி வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சுற்றப் போவதில் உள்ள ஒழுங்கீனம், வசதி படைத்தோர் தங்கும் விடுதிகளில் ஏன் யாருடைய கண்ணுக்கும் படுவதில்லை?

‘பிரேமலு’ இனிய பொழுதுபோக்கு. வேலை தேடி ஹைதராபாத் போகும் தலைமுறையின் சிரிப்பு அதில் இருக்கிறது. அவ்வளவே. ‘பிரமயுகம்’ அப்படி விட்டுவிடக்கூடியதன்று. ராகுல் சதாசிவன் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், தப்பியோடி வரும் பாணர் சாதிப் பாடகன் ஒருவன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். வீட்டின் அதிபதியாக மம்முட்டி. பகடை ஆடலாம் என்கிறார். பணயம், பாடகனின் வாழ்நாள். உழைப்பவனின் நேரத்தை உரிமையாக்கிக்கொள்வதுதான் நிலப்பிரபுத்துவம் என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு படம் சொல்லிவிட முடியாது. ஆயினும் அதிகார மோதிரம் எவன் விரலில் ஏறினாலும் அவன் கொடியவனாகிவிடுவான் என்ற இறுதிப் பகுதியின் எண்ணம் விவாதத்துக்குரியது. ஒடுக்கியவனும் ஒடுக்கப்பட்டவனும் அதிகாரத்தின் முன் ஒன்றே என்று சொல்லிவிட்டால், ஒடுக்கப்பட்டவன் எழுவதற்கு என்ன பொருள்? இக்கேள்வியோடு படத்தை மீண்டும் பார்க்கலாம்.

வளைகுடாவுக்கு யாரையும் அனுப்பாத குடும்பம் இப்பகுதியில் குறைவு. பென்யாமினின் நாவலைப் பிளெஸ்ஸி படமாக்கிய ‘ஆடுஜீவிதம்’ மார்ச் 28இல் வந்தபோது, பலர் அதைப் பார்த்ததைவிடத் தாங்கிக்கொண்டார்கள் என்றே கூற வேண்டும். பிருத்விராஜின் உடல் மெலிவு பற்றியே பத்திரிகைகள் பேசின. கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்ளும் கஃபாலா முறை பற்றிப் பேசியவை சில. படமும் அந்த முறையைவிடப் பாலைவனத்தின் கொடுமையையே மிகுதியாகக் காட்டுகிறது. மணலுக்கு யாரையும் அடிமையாக்கத் தெரியாது. அதற்கு ஒரு சட்டமும் ஒரு தரகரும் தேவை.

தமிழ்ப் பக்கம் வருவோம். ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன: மாரி செல்வராஜின் ‘வாழை’, பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’.

‘வாழை’, இயக்குநரின் சிறுவயதுக் கதை. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம். விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கப் போகும் பள்ளிச் சிறுவன் சிவனைந்தான். (அங்கே தார், இங்கே குலை. சுமக்கும் தலையும் கழுத்தும் இரண்டுக்கும் ஒன்றே.) தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்கிறார்கள்; கனி என்ற இளைஞன் முன்னிற்கிறான். காய் பழுத்து வீணாகிவிடும் என்ற அச்சத்தில் வியாபாரி ஒப்புக்கொள்கிறார். பிறகு, கொடுத்ததை வேறு வழியில் பிடிக்கிறார்: ஆட்கள் திரும்பத் தனி வண்டி கிடையாது, ஏற்றிய தாரின் மீதே ஏறிப் போக வேண்டும். இரவில் அந்த லாரி கவிழ்கிறது. 

அரிவாள் சுத்தியல் பொறித்த சின்னம் ஒன்று படத்தில் வருகிறது. அதைக் கண்டு அரங்கில் தோழர்கள் கைதட்டியதில் வியப்பில்லை. ஆனால் படத்தின் அரசியல் அந்தச் சின்னத்தைவிட லாரிக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. வென்ற கூலி உயர்வை மூலதனம் எந்த வாசல் வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதைத் தொழிற்சங்க வகுப்புகளில் மணிக்கணக்கில் விளக்க வேண்டியிருக்கிறது. பசித்த சிறுவன் ஒருவன் அதை ஓடி ஓடிக் காட்டிவிடுகிறான். இறுதிக் காட்சிகளில் ஒப்பாரி சற்று நீண்டுவிட்டது என்ற விமர்சனம் நியாயமானதே.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே இல்லை. கீழ்ச்சாதி எனச் சொல்லப்படும் இளைஞனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, ஓட்டுவதற்காகக் குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் போகிறது. பலியிடப்பட வேண்டிய சேவலும் உடன் வருகிறது. மீனாவாக நடித்த அன்னா பென், படம் முழுதும் ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசுவதில்லை. மாப்பிள்ளையாக வரும் சூரியின் கரகரத்த தொண்டையும், வண்டியின் இரைச்சலும், ஆண்களின் அதட்டலும் மட்டுமே கேட்கின்றன. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இப்படத்துக்கு உள்ளூரில் கூட்டம் சேரவில்லை. முடிவு எங்கே என்று கேட்டு வெளியேறியவர்கள் உண்டு. மாப்பிள்ளை பாண்டி, சாமியார் வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படம் அங்கே நின்றுவிடுகிறது. அடுத்து அவன் என்ன செய்ய வேண்டும் என்பது அரங்கில் இருக்கும் ஆண்களிடம் விடப்பட்ட கேள்வி.

‘தங்கலான்’ பெரிய முயற்சி. தங்கவயல் தொழிலாளரின் முன்கதை. மாயக்காட்சிகளின் நெரிசலில் மண் வெட்டிய கைகள் இடையிடையே மறைந்துபோகின்றன. ‘லப்பர் பந்து’ இப்போதுதான் வெளியாகியிருக்கிறது. ஊர் கிரிக்கெட் அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறது; கட்டாயம் பார்க்கத் தக்கது.

இவ்விடத்தில் ஒரு செய்தி. மீனாவாக வந்த அன்னா பென், ‘வாழை’யில் ஆசிரியையாக வந்த நிகிலா விமல், ‘தங்கலான்’ கங்கம்மாவாக வந்த பார்வதி, ‘லப்பர் பந்து’வின் சுவாசிகா ஆகிய அனைவரும் மலையாள நடிகைகள். ஊர்வசி இன்னும் ஒருபடி மேலே: மார்ச் 8இல் வந்த ‘ஜெ பேபி’யில் மனம் பேதலித்துக் கொல்கத்தா வரை போய்விடும் சென்னைத் தாய், ஜூன் 21இல் வந்த கிறிஸ்டோ டாமியின் ‘உள்ளொழுக்கு’வில், வெள்ளம் வடியாததால் மகனைப் புதைக்க முடியாமல் வீட்டிலேயே பிணத்தோடு காத்திருக்கும் குட்டநாட்டுத் தாய். இரண்டையும் ஒரே ஆண்டில் ஒருவர் செய்திருக்கிறார். இரண்டாவதற்குக் கேரள அரசின் சிறந்த நடிகைக்கான விருதும் அறிவிக்கப்பட்டுள்ளது. பெண்கள் வடக்கிலிருந்து தெற்கே இந்த எல்லையைக் கடந்து நடிக்கப் போகிறார்கள். இதே சாலையில் ஒரு நடிகை முன்பும் ஒருமுறை தெற்கே போயிருக்கிறார். 

முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ 1928இல் வெளியானது என்பர் ஒரு சாரார். 1930 என்பர் வேறு சாரார். அதை எடுத்த ஜே.சி.டானியேல், அகஸ்தீஸ்வரத்தோடும் நெய்யாற்றின்கரையோடும் பிணைப்புக் கொண்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர். சொத்தை விற்றுப் படம் எடுத்தார். நாயகி பி.கே.ரோஸி, புலையர் சமூகத்துப் பெண். படத்தில் அவர் ஏற்றது நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் முதல் காட்சியன்று, தாம் நடித்த படத்தைப் பார்க்க ரோஸிக்கு அனுமதி கிடைக்கவில்லை. திரையின் மீது கல் பறந்தது. பின்னர் அவருடைய குடிசை எரிக்கப்பட்டது. ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவிலை அடைந்தார் என்றும், அங்கே ராஜம்மாள் என்ற பெயரில் எவருக்கும் தெரியாமல் வாழ்ந்தார் என்றும் அவர் வரலாற்றைத் தேடியவர்கள் எழுதுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போகிறது.

டானியேல் கடனாளியாகிப் பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். நலிந்த கலைஞருக்கான உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வசிப்பவர் அங்கேயே கேட்கட்டும் என்று பதில் வந்தது. 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது. ‘விகதகுமாரன்’ பிரதி எதுவும் இன்று பார்ப்பதற்கு இல்லை.

எனவே இவ்வாண்டின் பட்டியலில் முதலிடம் ‘ஆட்டம்’ படத்துக்கு உரியது. ஆனந்த் ஏகர்ஷி இயக்கி ஜனவரியில் வெளிவந்த சிறிய படம். பன்னிரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள நாடகக் குழு. ஓர் இரவு விருந்துக்குப் பின் அந்தப் பெண்ணிடம் ஒருவன் அத்துமீறுகிறான். யார் என்று விசாரிக்க ஆண்கள் கூடுகிறார்கள். வெளிநாட்டில் நாடகம் போட வாய்ப்பு ஒன்று வந்ததும், நியாயம் மெல்ல மெல்லப் பேச்சு மாறுகிறது. கூட்டம் நடத்திப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சிகள் மிகவும் சங்கடம் தரும். ஒரு விஷயத்தைக் கிடப்பில் போட ஒரு அமைப்பு என்னென்ன சொற்களைப் பயன்படுத்தும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அப்படத்துக்குத் தேசிய விருது ஆகஸ்ட் 16இல் அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி, நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை வெளிவந்தது. 2017இல் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட பின், பெண் கலைஞர்களின் கூட்டமைப்பு விடுத்த கோரிக்கையை ஏற்று இடது ஜனநாயக முன்னணி அரசு அமைத்த குழு அது. வேறு எந்த மாநிலமும் அதற்குமுன் அப்படி ஒரு குழுவை அமைக்கவில்லை என்று பெருமைப்படலாம். 2019 டிசம்பர் 31இல் கையளிக்கப்பட்ட அறிக்கை நான்கரை ஆண்டுகள் உறங்கியது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவர்களின் விடாமுயற்சியாலும் மாநிலத் தகவல் ஆணையத்தின் உத்தரவாலும்தான் அது, பல பகுதிகள் மறைக்கப்பட்டு, வெளியே வந்தது. இப்போது சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. எதிர்க்கட்சிகள் இதில் அரசியல் செய்கின்றன என்பது உண்மை; அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்தது தாமதம் என்பதும் உண்மை.

பெரிய நடிகர்களின் பெயர்களையே தொலைக்காட்சிகள் தேடின. அறிக்கையில் தொழிலாளர் படிக்க வேண்டிய பக்கங்கள் வேறு. வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுதும் நிற்கிறார்கள். உடை மாற்ற மறைவிடம் இல்லை. துணை நடிகைகளுக்கு எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லை. கூலி இடைத்தரகர் கையில். இதே குறைகளைத் தோட்டத்திலும் முந்திரி ஆலையிலும் சங்கம் அமைத்துப் பேசிய இயக்கம், திரைத் தொழிலைக் கலை என்ற மரியாதையில் விட்டுவைத்தது.

இக்கிராமங்களின் நூலகங்கள் பலவற்றில் திரையிடும் வசதி இருக்கிறது. வரும் மாதத்தில் ‘ஆட்டம்’ படத்தைத் திரையிடலாம். படம் முடிந்ததும் முதல் ஒரு மணி நேரம் பெண் தோழர்கள் மட்டும் பேசட்டும். செயலாளர்கள் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.