மேஜையைச் சுற்றி ஆறு பேர்

தருமபுரி வெயிலில் பட்டமளிப்பு அங்கியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், சுருக்கமாகப் பேசுகிறேன்.

நான் பால்வினை நோய்த் துறையில் சேர்ந்ததை என் அம்மா கடைசிவரை உறவினர்களிடம் சொல்லவில்லை. "தோல் டாக்டர்" என்றே சொல்லிவந்தார்.

தொண்ணூறுகளில் ஒரு லாரி கிளீனர் பையன் ஓபிக்கு வந்தான். சீட்டில் 'மூலம்' என்றிருந்தது. மேஜையைச் சுற்றி ஆறு நோயாளிகள். "பொம்பளைங்ககிட்ட போனியா?" என்று உரக்கக் கேட்டேன். "இல்லீங்க சார்." அவன் சொன்னது உண்மைதான். களிம்பு எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து உள்ளங்கையெல்லாம் சிபிலிஸ் தடிப்போடு வந்து நின்றான். அதற்குள் அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. "அப்பவே சொல்லக் கூடாதாப்பா?" என்றேன். "ஆம்பளைன்னு சொன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவீங்கன்னு பயந்துட்டேன் சார்."

அந்தப் பயத்தின் பெயர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. ஆணோடு ஆண் உறவுகொள்வதைக் குற்றமாக்கி 1860-ல் வெள்ளையர் எழுதியது. ஆயுள் தண்டனைவரை இருந்தது. அதே சட்டத்தின் பேரில்தான் 2001-ல் லக்னோவில் எச்ஐவி தடுப்புப் பணியாளர்களைப் பிடித்து 47 நாள் சிறையில் வைத்தார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் மத்திய உள்துறை அது வேண்டும் என்றது; அதே அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ 2006-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், இந்தச் சட்டம் நோயாளிகளை மறைந்து வாழவைக்கிறது என்றது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு எச்ஐவி, பொதுமக்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கணக்கும் காட்டியது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது.

மருத்துவப் பாடப்புத்தகம் அவ்வளவு சீக்கிரம் திருந்தவில்லை. அந்த உறவை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று நான் ஒப்பித்து நல்ல மார்க் வாங்கியவன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் போட்ட உத்தரவு அதைத் திருத்தவைத்தது. 2024-ல் அதே பாடம் மறுபடி நுழைந்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் திரும்பப் பெற்றார்கள்.

சட்டமும் பாடமும் திருந்தும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்தப் பையனுக்கும் அவன் மனைவிக்கும் பென்சிலின் போட்ட மறுநாள், ஓபியில் கயிறு கட்டிப் பழைய பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டேன். அனுமதியில்லாமல் ஆணி அடித்ததற்கு மெமோ வந்தது. கேள்வியையும் மாற்றினேன்: "உறவு ஆம்பளையோடவா, பொம்பளையோடவா, ரெண்டு பேரோடயுமா?" முதல் வாரமே இரண்டு பேர், அதுவரை சொல்லாத பதிலைச் சொன்னார்கள்.